‘எனி டவுட்?’ என்று கேட்டால் ஆர்வம் வந்துவிடுமா?

எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் இந்த ஒரு வரி தவறாமல் வரும்: “பிள்ளைகளிடம் ஆர்வத்தைத் தூண்டுங்கள்.” எல்லோரும் தலையாட்டுவோம், நோட்டில் எழுதிக்கொள்வோம், டீ வந்ததும் எழுந்து போவோம். ஆர்வம் என்றால் என்ன, அதை எப்படித் தூண்டுவது என்று கேட்டால் அந்த அறையில் ஆளுக்கொரு பதில் இருக்கும். ஒருவருக்கு அது வகுப்பு கலகலப்பாக இருப்பது. இன்னொருவருக்கு ஸ்மார்ட் போர்டில் வீடியோ போடுவது. மூன்றாமவரைக் கேட்டால், அது சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வருவது, மற்றதுகளுக்கு நாம் தலைகீழாக நின்றாலும் வராது என்பார். பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: “படிப்புல இவனுக்கு ஆர்வமே கிடையாது சார். ஆனா பைக்கைப் பத்தி ஆரம்பிச்சா ராத்திரி முழுக்கப் பேசுவான்.” அந்தப் பேச்சுக்குள்ளேயே பாதி விளக்கம் இருந்தது. அது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் அப்போது தெரியவில்லை.

நான் 6 முதல் 8 வரை அறிவியல் எடுக்கிறவன். புதிதாக வகுப்பெடுக்க வந்திருப்பவர்களையும், வீட்டில் புத்தகத்தை வைத்துக்கொண்டு பிள்ளையோடு மல்லுக்கட்டுகிற அப்பா அம்மாக்களையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். கிரிக்கெட்டில் ஆர்வம், சமையலில் ஆர்வம், அரசியலில் ஆர்வம் என்று பிடித்த எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைத்தான் போடுகிறோம். இங்கே நான் பேசப்போவது அதில் ஒரு சின்னத் துண்டைப் பற்றி மட்டும்: ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன் என்று மனசுக்குள் ஏற்படுகிற குறுகுறுப்பு. அதை ஆவல் என்று வைத்துக்கொள்வோம்.

## பாட்டி போட்ட விடுகதை

“பச்சைப் பெட்டிக்குள்ளே வெள்ளை முத்து. அது என்ன?”

பதில் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பீர்கள். தெரியாதவர்கள் மனசுக்குள் ஒரு விநாடி பட்டாணியா, சீதாப்பழமா என்று தேடியிருப்பீர்கள். அந்தத் தேடலைக் கொஞ்சம் கவனியுங்கள். யாரும் உங்களுக்குப் பரிசு தருவதாகச் சொல்லவில்லை, பதில் தெரிந்தால் மதிப்பெண்ணும் கிடையாது, ஆனாலும் விட முடியவில்லை. (வெண்டைக்காய். சரி, மேலே போகலாம்.)

இதே விடுகதையை வெண்டைக்காயையே பார்த்திராத ஒருவரிடம் போட்டால் என்ன ஆகும்? அவருக்குக் குறுகுறுப்பே வராது. “பச்சைப் பெட்டி போல இருக்கிற வெண்டைக்காய்க்குள் முத்துப் போல வெள்ளை விதைகள் இருக்கும்” என்று முழுசாகச் சொல்லிவிட்டாலும் வராது. வெண்டைக்காய் தெரிந்திருக்க வேண்டும், பெட்டியும் முத்தும் தெரிந்திருக்க வேண்டும், இவற்றை இணைக்கிற ஒரே ஒரு கண்ணி மட்டும் கையில் கிடைக்காமல் இருக்க வேண்டும். அப்போதுதான் விடுகதை வேலை செய்யும். மெகா சீரியல்காரர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். கதவு திறக்கும், அம்மாவின் முகம் மூன்று முறை பெரிதாகும், வந்தது யார் என்பதை மட்டும் காட்டாமல் ‘தொடரும்’ என்று போடுவார்கள். கதையைத் தொடர்ந்து பார்க்கிறவருக்குத்தான் அது தவிப்பு. வழியில் போகிறவர் டிவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

இதற்கு ஒரு பெயர் உண்டு: தகவல் இடைவெளி. நமக்குத் தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே ஒரு பள்ளம் இருப்பதை நாமே கண்டுகொள்வது. ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1994இல் ஆவலை இந்த இடைவெளியை வைத்துத்தான் விளக்கினார். பசி மாதிரி இதுவும் ஒரு குறை, அந்தக் குறை உறைக்கும்போது மனசு அதை நிரப்பத் துடிக்கிறது என்பது அவர் வாதம். ‘உறைக்கும்போது’ என்பதுதான் இங்கே முக்கியம். எனக்குத் தெரியாத விஷயங்கள் கோடி இருக்கின்றன, அவை எதுவும் என் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. ஒரு பழைய பாட்டின் முதல் வரி நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராமல் அடம்பிடித்தால்தான் அன்று ராத்திரி தூக்கம் கெடுகிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஆவல் என்பது சில பிள்ளைகள் கூடவே கொண்டுவருகிற குணம் மட்டும் இல்லை. தெரிந்ததற்கு நடுவில் ஒரு ஓட்டை கண்ணில் பட்டால் யாருக்கும் வரக்கூடிய நிலை அது.

## ஒன்றும் தெரியாதவருக்கு ஆவலும் வராது

பலர் இடறுகிற இடம் இது. ‘மனப்பாடம் ஆவலைக் கொன்றுவிடும், முதலில் பாடத்தை நிறுத்துங்கள், பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்டுக் கற்கட்டும்’ என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே பார்த்த கணக்குப்படி, தெரிந்தது கொஞ்சமாவது இல்லாமல் இடைவெளி எங்கிருந்து வரும்?

2009இல் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின் ஜியோங் காங்கும் அவர் குழுவும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களிடம் 40 பொது அறிவுக் கேள்விகள் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு விஷயம் கேட்டார்கள்: பதில் உங்களுக்கு எவ்வளவு உறுதியாகத் தெரியும், பதிலைத் தெரிந்துகொள்ள எவ்வளவு ஆவலாக இருக்கிறது? பதில் துளியும் தெரியாத கேள்விகளில் ஆவல் குறைவு. நிச்சயம் தெரிந்த கேள்விகளிலும் குறைவு. நடுவில், ‘இதுவாக இருக்குமோ’ என்று பாதி தெரிந்தும் தெரியாமலும் இருந்த கேள்விகளில்தான் ஆவல் உச்சத்தில் இருந்தது.

அந்த பைக் பையன் இப்போது புரிகிறான். அவனுக்குச் செயின் தெரியும், கிளட்ச் தெரியும், மைலேஜ் தெரியும், மாமாவின் மெக்கானிக் கடையில் நாலு வண்டி பிரிக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறான். அதனால் புது வண்டி ஒன்று வந்தால் அதில் என்ன மாறியிருக்கிறது என்பது அவனை உறுத்துகிறது. ஒளிச்சேர்க்கையில் அவனுக்கு அப்படி எந்தத் தரையும் இல்லை, நிற்க இடமில்லாதவன் எட்டிப் பார்க்கவும் முடியாது. ஆக, பாடம் நடத்துவதும் ஆவலைத் தூண்டுவதும் எதிரெதிர் கட்சி இல்லை. அடிப்படையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கேள்வியை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில்தான் விஷயம்.

## ஆவல் வந்தால் மூளையில் என்ன நடக்கிறது?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ‘டோபமைன்’ என்ற சொல்லை எடுத்தாலே கட்டுரை வேறு பாதையில் போய்விடுகிறது. டோபமைன் என்பது மூளையில் ஒரு செய்தி கடத்தும் வேதிப்பொருள். வெகுமதி வரப்போகிறது என்று மூளை எதிர்பார்க்கும்போது சுறுசுறுப்பாகிற பகுதிகள் இதை நம்பித்தான் இயங்குகின்றன. ஹிப்போகேம்பஸ் என்பது புது நினைவுகளைப் பதியவைக்கிற பகுதி.

2014இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மத்தியாஸ் க்ரூபர் குழு செய்த சோதனை அழகானது. கேள்வியைக் காட்டுவார்கள், பதில் வர 14 விநாடி ஆகும். அந்த இடைவேளையில் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மனித முகத்தைக் காட்டுவார்கள். பிறகு முன்னறிவிப்பில்லாமல் ஒரு டெஸ்ட். ஆவலாக இருந்த கேள்விகளின் பதில்கள் நன்றாக நினைவில் நின்றன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த ஆவலான காத்திருப்பில் சும்மா வந்துபோன முகங்களும் கூடுதலாக நினைவில் நின்றன. ஆவலின்போது வெகுமதிப் பகுதிகளும் ஹிப்போகேம்பஸும் கைகோத்து வேலை செய்ததை ஸ்கேனில் பார்த்தார்கள்.

வகுப்புக்கு இதிலிருந்து நமக்குக் கிடைப்பது: ஆவல் ஒரு ஆடம்பரம் இல்லை. பிள்ளை ஆவலாக இருக்கிற அந்தச் சில நிமிடங்களில் பக்கத்தில் எதை வைத்தாலும் ஒட்டுகிறது.

## அறிவினா, அறியாவினா, ஐயவினா

பாடம் முடிந்ததும் நாம் எல்லோரும் கேட்கிற கேள்வி, “எனி டவுட்?” வகுப்பு அமைதியாக இருக்கும். “புரிஞ்சுதா?” என்றால் “புரிஞ்சுது சாஆஆர்” என்று ராகமாக வரும். இதை வைத்து இந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் சந்தேகம் கேட்பதற்கே, எனக்கு எங்கே ஓட்டை இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதோடு ‘டவுட்’ என்பது நம் வகுப்புகளில் புரியாதவன் கேட்பது என்று ஆகிப்போய்விட்டது. 40 பேர் நடுவில் எழுந்து நின்று ‘நான் மக்கு’ என்று சொல்ல யார் முன்வருவார்?

இங்கே நம்ம இலக்கணம் கைகொடுக்கிறது. வினா 6 வகை என்று நன்னூலில் பவணந்தி முனிவர் சொன்னதை எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம், இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்திருப்போம். அதில் மூன்று நமக்கு வேண்டும். பதில் தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா, ஆசிரியர் மாணவரைக் கேட்பது இந்த வகை. தெரியாமல் கேட்பது அறியாவினா, மாணவர் ஆசிரியரைக் கேட்பது. இதுவா அதுவா என்று இரண்டுக்கும் நடுவே நின்று கேட்பது ஐயவினா: அங்கே கிடப்பது பாம்பா, கயிறா?

ஒரு வகுப்பில் நாள் முழுக்கக் கேட்கப்படுகிற கேள்விகளை எண்ணிப் பார்த்தால் அநேகமாக எல்லாமே அறிவினாதான். பிள்ளைகளிடமிருந்து அறியாவினா வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம், அது நேரடியாக வராது. நடுவில் ஒரு படி வேண்டும், அந்தப் படிதான் ஐயவினா. இரண்டு பதிலும் நம்பும்படியாக இருக்க வேண்டும், எது சரி என்று நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும். இருட்டில் கிடப்பது பாம்பா கயிறா என்று தெரியாதவன் டார்ச் தேடாமல் இருப்பானா?

சில உதாரணம் சொல்கிறேன். ‘1806இல் வேலூர்ப் புரட்சி ஏன் நடந்தது?’ என்பது புக் பேக் கேள்வி. சிப்பாய்கள்மேல் திணிக்கப்பட்ட புதுத் தலைப்பாகையையும், அதே கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மகன்கள் காவலில் இருந்ததையும் சொல்லிவிட்டு, “தலைப்பாகை மட்டும் வராமல் இருந்திருந்தால் அந்த ஜூலை 10 நடந்திருக்குமா, நடந்திருக்காதா?” என்று கேட்டால் அது ஐயவினா. கணக்கில்: “10 அங்குலத் தோசை ஒன்று வேணுமா, 5 அங்குலத் தோசை மூணு வேணுமா, ரெண்டும் ஒரே தடிமன், எது லாபம்?” மூன்று தோசைப் பக்கம்தான் கைகள் அதிகம் எழும். பெரிய தோசை நாலு சின்னத் தோசைக்குச் சமம் என்று தெரியும்போது வட்டத்தின் பரப்பளவு சூத்திரம் முதல் தடவையாக எதற்கோ பயன்படுகிறது.

தமிழ் வகுப்பிலும் நடக்கும். முள்ளும் செடியும் சேர்ந்தால் முட்செடி. அப்படியானால் முள்ளும் வேலியும் சேர்ந்தால் ‘முட்வேலி’ என்றுதானே வரவேண்டும்? ஏன் முள்வேலி என்கிறோம்? விதியை முதலில் சொல்லாமல் இதை மட்டும் போர்டில் எழுதிவிட்டு, நாள் காட்டி, நாள் வட்டம், முள் கரண்டி என்று பிள்ளைகளையே சேர்க்கச் சொன்னால், பின்னால் வருகிற எழுத்து வல்லினமாக இருந்தால்தான் ளகரம் டகரமாகிறது என்பதை யாராவது ஒருத்தி கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தவள் அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

## சொட்டு நீலமும் மூன்று மெழுகுவர்த்தியும்

எட்டாம் வகுப்பில் நடந்த ஒன்றை விவரமாகச் சொல்கிறேன். பழைய சோதனைதான். தட்டில் தண்ணீர், தெரிவதற்காக இரண்டு சொட்டு நீலம், நடுவில் எரிகிற மெழுகுவர்த்தி. மேலே ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறும். ஏன் ஏறியது என்று கேட்டதும் மொத்த வகுப்பும் ஒரே குரலில், “ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு சார்!” ஒருத்தன் ஒரு படி மேலே போய், “காத்துல 21 சதவீதம் சார், அந்த இடத்துக்குத்தான் தண்ணி ஏறிச்சு” என்றான். முன்பெல்லாம் நான் இங்கே “வெரி குட்” சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன். உண்மையைச் சொன்னால், பல வருஷம் நானே அப்படித்தான் நம்பிக்கொண்டும் நடத்திக்கொண்டும் இருந்தேன்.

அன்றைக்கு அதே தட்டில் மூன்று மெழுகுவர்த்தி நிறுத்தினேன். “அதே பாட்டில்தான். இப்போ தண்ணி அதே அளவு ஏறுமா, அதிகமா ஏறுமா, குறைச்சலா ஏறுமா? கை தூக்குங்க.” எண்ணிக்கையைப் போர்டில் எழுதினேன். வகுப்பில் பெரும்பகுதி ‘அதே அளவு’ பக்கம், அதுதான் அவர்கள் விளக்கப்படி நியாயமும்கூட, ஒரே பாட்டிலில் ஒரே அளவு ஆக்சிஜன்தானே இருக்கும். பாட்டிலைக் கவிழ்த்தேன். மூன்று சுடரும் அணைந்தன, தண்ணீர் முதல் தடவை ஏறிய கோட்டைத் தாண்டி நன்றாக மேலே போய் நின்றது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரே இரைச்சல். “சார், அதெப்படி சார்?” “பாட்டில்ல ஓட்டை இருக்கு.” “இன்னொரு வாட்டி வையுங்க சார்.” நான் பதில் சொல்லவில்லை, இன்னொரு வாட்டி வைத்தேன். இந்த முறை யாரும் சுடரைப் பார்க்கவில்லை, எல்லாக் கண்ணும் பாட்டிலின் வாயோரம். இரண்டாவது பெஞ்சில் இருந்த ஒரு பெண், “சார், கவுக்கும்போது குமிழி குமிழியா வெளிய வந்துச்சு. அப்ப காத்து வெளிய போயிருக்கு” என்றாள்.

விஷயம் அதுதான். சுடர் பக்கத்தில் இருக்கிற காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று ஆறிச் சுருங்குகிறது, வெளியே இருக்கிற காற்றழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று சுடர் என்றால் சூடு அதிகம், வெளியேறுகிற காற்றும் அதிகம். ஆக்சிஜன் முழுசாகத் தீருவதற்கு வெகு முன்னாலேயே சுடர் அணைந்துவிடுகிறது, அது செலவாகிற இடத்தில் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகிறது, அதனால் ஆக்சிஜனின் பங்கு இதில் சிறிதுதான்.

கவனியுங்கள், அந்த இரைச்சல் மூன்று மெழுகுவர்த்தியால் வந்தது இல்லை. 21 சதவீதம் என்று ஏற்கனவே தெரிந்திருந்ததாலும், கையைத் தூக்கி ஒரு பக்கம் நின்றுவிட்டதாலும் வந்தது. இதையே ஆறாம் வகுப்பில் செய்திருந்தால் “சூப்பர் சார்” என்று கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

## வேடிக்கை காட்டுவது வேறு

சோதனை செய்து காட்டினாலே ஆவல் வந்துவிடும் என்று நினைப்பதும் தவறுதான். ஹார்வர்டில் எரிக் மசூரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், இயற்பியல் செய்முறையைச் சும்மா உட்கார்ந்து பார்த்த மாணவர்களின் புரிதல், பார்க்காதவர்களின் புரிதலைவிட அப்படி ஒன்றும் மேலாக இல்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துவிட்டுப் பார்த்தவர்கள்தான் தெளிவாக முன்னே நின்றார்கள். அந்த ஊகத்துக்கு ஆகிற நேரம் ஓரிரு நிமிடம். நம் ஊரிலும் 2022இல் தொடங்கிய வானவில் மன்றம் வழியாக 6 முதல் 8 வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் சோதனைகள் நடக்கின்றன, நல்ல காரியம். பாட்டிலைக் கவிழ்ப்பதற்கு முன்னால் கை தூக்கச் சொன்னோமா என்பதுதான் அங்கும் கேள்வி.

இன்னொரு பக்கமும் உண்டு. எலிசபெத் பொனாவிட்ஸும் கூட்டாளிகளும் 2011இல் வெளியிட்ட சோதனையில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு பொம்மை கொடுக்கப்பட்டது. குழாயை இழுத்தால் கீச்சென்று கத்தும், ஓரிடத்தில் விளக்கு எரியும், ஓரிடத்தில் இசை வரும், இன்னொரு குழாய்க்குள் கண்ணாடி. மொத்தம் 4 ரகசியம். ஒரு குழுவுக்கு, “இது எப்படி வேலை செய்யுது பார்” என்று பெரியவர் கீச்சொலியை மட்டும் செய்து காட்டினார். இன்னொரு குழுவில் அந்தக் கீச்சொலி தற்செயலாக வந்த மாதிரி நடித்தார். சொல்லிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் கீச்சொலியோடு நின்றுகொண்டார்கள், மற்றவர்கள் மீதியையும் தேடிப் பார்த்தார்கள். பிள்ளைகள் முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை. தெரிந்தவர் ஒன்றை மட்டும் காட்டினால் இதில் இவ்வளவுதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனமே. நான் நோட்ஸ் கொடுத்து, அடிக்கோடு போட்டு, “இது மட்டும் போதும்” என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் அதைத்தான் செய்கிறேன். பரீட்சைக்கு முந்தின வாரம் அப்படிச் சொல்லியே ஆகவேண்டியிருக்கிறது, அது வேறு கதை.

சுருக்கினால்: முதலில் கொஞ்சம் தரை, அதன்மேல் ஒரு ஐயவினா, பிறகு பிள்ளை ஒரு பக்கம் சாய்வது, கடைசியில்தான் பதில். வரிசை மாறினால் அது வேடிக்கை ஆகிவிடுகிறது.

## 3 விநாடி

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? மேரி பட் ரோ என்கிற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்புகளைப் பதிவுசெய்து அளந்து பார்த்தார். சராசரியாக சுமார் 1 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியர் தானே சொல்லிவிடுகிறார் அல்லது வேறு பிள்ளையிடம் போய்விடுகிறார். இதற்குக் காத்திருப்பு நேரம் என்று பெயர். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, ‘தெரியாது’ என்பது குறைந்தது, பிள்ளைகள் திருப்பிக் கேட்கிற கேள்விகள் கூடின. 1970களில் அவர் கண்டது இது, இன்றைக்கும் என் வகுப்பில் அதே 1 விநாடிதான் என்று செல்போனில் ரெகார்ட் செய்து கேட்டபோது வெட்கமாக இருந்தது.

3 விநாடி என்பது சொல்ல எளிது, நின்று பார்த்தால் ஒரு யுகம் மாதிரி இருக்கும். நான் கேள்வி கேட்டதும் திரும்பி நின்று போர்டின் ஒரு மூலையைத் துடைக்கிறேன், அல்லது தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடிக்கிறேன். இன்னொரு காத்திருப்பும் இருக்கிறது, பிள்ளை பதில் சொன்ன பிறகு. அங்கே நாம் உடனே சொல்கிற “வெரி குட்” ஒரு பூட்டு மாதிரி. பதில் கிடைத்துவிட்டது, இனி யாரும் யோசிக்க வேண்டாம் என்று அர்த்தம். “ம்… அப்புறம்?” என்று நிறுத்திக்கொண்டால் பின் பெஞ்சில் இருந்து இன்னொரு குரல் வரும்.

## அதிகப்பிரசங்கி

லண்டனில் பார்பரா டிசார்டும் மார்ட்டின் ஹியூஸும் நான்கு வயதை ஒட்டிய 30 சிறுமிகளின் பேச்சைப் பதிவுசெய்து 1984இல் வெளியிட்டார்கள். வீட்டில் அம்மாவோடு இருக்கும்போது அந்தப் பிள்ளைகள் மணிக்குச் சராசரியாக 26 கேள்வி கேட்டன. நர்சரி பள்ளியில் அது 2. பிள்ளை அதே பிள்ளைதான், இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

நம் ஊரில் இதைக் குறைக்கத் தனிச் சொற்களே வைத்திருக்கிறோம். அதிகப்பிரசங்கி, வாயாடி, எதிர்க்கேள்வி கேட்காதே, கேள்விக்குப் பொறந்தவனே. வேடிக்கை என்னவென்றால் தமிழில் ‘கேள்’ என்ற ஒரே சொல்தான் காதால் கேட்பதற்கும் வினவுவதற்கும். “நான் சொல்றதைக் கேளு” என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற பாதியைக் கைவிட்டுவிட்டோம். நன்னூல் மாணவர் கற்கும் முறையை அடுக்கும்போது, ஆசிரியரிடம் கேட்பதோடு நிற்கவில்லை. கூடப் படிப்பவர்களோடு பழகுவது, அவர்களிடம் வினாவுவது, அவர்கள் வினாவியதற்கு விடை சொல்வது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

சரி, பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டால் எல்லாவற்றுக்கும் பதில் நமக்குத் தெரியுமா? தெரியாது. அந்த பயத்தில்தான் பல பேர் கேள்வியையே முளையில் கிள்ளுகிறோம் என்பது என் எண்ணம். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் ஆரம்பித்து 2002 வரை நடந்த அறிவியல் கல்வித் திட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ‘சவாலிராம்’ என்று ஒரு கற்பனை ஆள். பிள்ளைகள் தங்கள் கேள்விகளை அவனுக்கு எழுதிப் போடுவார்கள், பதில் வரும். எங்கள் வகுப்பில் சவாலிராம் ஒரு ஷூ டப்பா. மேலே ஒரு துளை, பெயர் எழுத வேண்டியதில்லை, வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம் திறப்போம். முதல் வாரம் முழுக்கக் கிண்டல் சீட்டுகள், “சாருக்கு ஏன் முடி கொட்டுது” உட்பட. மூன்றாவது வாரம்தான் “கடல் தண்ணி உப்புன்னா மழைத் தண்ணி ஏன் உப்பா இல்லை?” வந்தது. தெரியாததற்கு “எனக்குத் தெரியலை, பார்த்துட்டு திங்கக்கிழமை சொல்றேன்” என்பேன். திங்கள்கிழமை மறந்துவிட்டால் மரியாதை போயிற்று, அதனால் கையிலேயே பேனாவால் எழுதிக்கொள்வேன்.

## போர்ஷன் எப்போ முடிக்கிறது?

நியாயமான கேள்வி. 40 நிமிட பீரியடில் வருகைப்பதிவே 5 நிமிடத்தைத் தின்றுவிடும், ஸ்லிப் டெஸ்ட் உண்டு, நடுவில் ஏதாவது சுற்றறிக்கைக்கு விவரம் கேட்டு ஆள் வரும். ஒவ்வொரு பீரியடும் மெழுகுவர்த்தி ஏற்ற முடியாது, ஏற்றவும் வேண்டாம். ஒரு பாடத்துக்கு ஒரு ஐயவினா, அதுவும் பாடத்தின் முதுகெலும்பாக இருக்கிற இடத்தில், போதும். முதல் ஐந்து நிமிடத்தில் அதைப் போட்டுக் கை தூக்க வைத்துவிட்டால் மீதி 30 நிமிடம் வழக்கம்போலப் பாடம் நடத்தலாம், பிள்ளைகள் பதிலைத் தேடிக்கொண்டே கேட்பார்கள். பத்தாம் வகுப்பு எடுக்கிறவர்களுக்கு இது இன்னும் சிரமம் என்று தெரியும், அங்கே நான் அறிவுரை சொல்லப் போவதில்லை.

அந்த மெழுகுவர்த்தி வகுப்புக்கு மறுநாள் காலை ப்ரேயர் முடிந்து உள்ளே நுழைந்தால், வருஷம் முழுக்க வாயைத் திறக்காத ஒரு பையன் டிபன் பாக்ஸோடு மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறான். உள்ளே ஐஸ் கட்டி, பாதி உருகியிருக்கிறது. “சார், காத்து ஆறினதாலதானே தண்ணி ஏறிச்சு? அப்ப பாட்டில் மேல ஐஸ் வெச்சா இன்னும் ஏறணும்ல?” நான் அதை யோசித்ததே இல்லை. “தெரியலடா, வெச்சுப் பார்ப்போம்” என்றேன். முதலில் மூன்று மெழுகுவர்த்தி, அணைந்தது, ஏறின இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு. அப்புறம் பாட்டிலின் தலையில் ஈரத்துணி போட்டு அதன்மேல் ஐஸ். எல்லோரும் பெஞ்சை விட்டு எழுந்து மேஜையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். நீலத் தண்ணீர் கோட்டைத் தொட்டபடியே இருந்தது, பிறகு மெல்ல, ஒரு நூல், இரண்டு நூல், கோட்டைத் தாண்டியது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு இடத்துக்குப் போனான். வாசலில் கணக்கு டீச்சர் நின்றுகொண்டிருந்தார், அவருடைய பீரியட் தொடங்கி 5 நிமிடம் ஆகியிருந்தது. “என்ன சார் நடக்குது இங்க?” என்று கேட்டுக்கொண்டே அவரும் குனிந்து பாட்டிலைப் பார்த்தார்.